சுக்கானில் அந்த ‘டக் டக்’ ஒழிந்தது!

வணக்கம் நண்பர்களே! படகு இன்னும் கரையில்தான் நிற்கிறது, ஆனாலும் எனக்கு ஒரே சந்தோஷம். போன வீடியோவில் கேட்டீர்களே, பின்பக்கப் படுக்கைக்கு அடியிலிருந்து ‘டக் டக்’ என்று, அது ஒழிந்தது. பாருங்கள், சுக்கான் நுனியைப் பிடித்து எப்படி உலுக்கினாலும் சத்தமே இல்லை.

சுக்கானின் தண்டு ஒரு குழாய்க்குள் நிற்கிறது. அதை மேலே ஒரு பேரிங்கும், கீழே புஷ் என்கிற பிளாஸ்டிக் வளையமும் பிடித்திருக்கின்றன. மேல் பேரிங் கெட்டியாக இருந்தது. தேய்ந்தது கீழ் புஷ்தான். சுமை அதிகம் விழுவதும் அங்கேதான். இரண்டுக்கும் இடையே 60 செ.மீ., கீழ் புஷ்ஷிலிருந்து நுனி வரை 120 செ.மீ. என்றால், கீழே 1 மி.மீ. ஆட்டம் நுனியில் 3 மி.மீ. ஆகத் தெரியும். பார்த்துப் பதற வேண்டாம், ஆனால் விட்டும் வைக்காதீர்கள். ஒவ்வொரு அலைக்கும் தண்டு புஷ்ஷில் மோதும். மோத மோத இன்னும் தேயும்.

“கிரீஸ் வையுங்கள், சரியாகிவிடும்” என்றீர்கள் சிலர். பிளாஸ்டிக் புஷ்ஷில் கிரீஸ் எனக்கு அறவே பிடிக்காது. மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு தண்டையே ராவும்.

சரி, பழைய புஷ். தட்டினேன், அசையவில்லை. போல்ட் போட்டு இழுத்தேன், ம்ஹூம். நைலான்! தண்ணீரில் ஊறிப் பருத்து, குழாயை இறுக்கிப் பிடித்திருந்தது. ஹாக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றி, நீளவாக்கில் அறுத்தேன். கொஞ்சம் அறுப்பேன், டார்ச் அடித்துப் பார்ப்பேன், மறுபடி கொஞ்சம். பிளேடு குழாயில் பட்டால் காரியம் கெட்டது. அதனால் கடைசி மெல்லிய தோலை அறுக்காமல் விட்டேன். பிறகு உளியால் உள்பக்கமாக நெம்பினால், பட்டென்று பிளந்து கையோடு வந்தது. அந்தச் சத்தம் இருக்கே! இன்னொரு தடவை போடுகிறேன், கேளுங்கள்.

அடடா, முக்கியமானதை விட்டுவிட்டேன். சுக்கானைத் திருப்பும் கைப்பிடியான டில்லரைக் கழற்றுமுன் சுக்கானுக்கு முட்டுக் கொடுங்கள். பல படகுகளில் டில்லரைத் தண்டோடு பிணைக்கும் பூட்டுதான் சுக்கானைத் தாங்குகிறது. கழன்றால் மொத்தமும் காலில் விழும். தண்டு முழுதாக வெளியே வர, படகை உயர்த்த வேண்டும், இல்லையென்றால் கீழே குழி தோண்ட வேண்டும்.

புதிய புஷ் அசிட்டால் என்கிற வேறு பிளாஸ்டிக். நைலான் 6 என்ற வகை முழுக்க ஊறினால் எடையில் 9 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கும். அசிட்டால் 1 சதவீதத்தை ஒட்டித்தான். லேத்தில் கடைந்த அளவு கடலிலும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். தண்டை வெர்னியரால் குறுக்கும் நெடுக்கும் அளந்த பிறகே கடையக் கொடுத்தேன். தண்டே ஒரு பக்கம் தேய்ந்து கோணியிருந்தால் புதுப் புஷ்ஷிலும் ஆட்டம் போகாது. நல்லவேளை, வட்டமாகவே இருந்தது.

அடுத்த வீடியோவில் தண்ணீரில் இறக்குகிறேன். ஆட்டம் போனதால், தானாகச் சுக்கான் பிடிக்கும் ஆட்டோபைலட் இடமும் வலமுமாக அலைவதும் நின்றதா என்று அப்போது பார்த்துவிடலாம்.