வியர்வை வருதே, ஒன்றும் ஆகாது என்று நினைத்தோம்

எல்லாருக்கும் வணக்கம். மொட்டை மாடியில் நின்றுதான் பேச ஆரம்பித்தேன். இரண்டே நிமிடத்தில் போன் சூடாகி அணைந்துவிட்டது. வேலூர் வெயில் அப்படி. அதனால் இப்போது படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறேன். அக்னி நட்சத்திரம் முடிய 28ஆம் தேதி ஆகும், அதற்குள் வெப்பத் தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்) பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

என் சித்தப்பா கொத்தனார். மூன்று வருடத்துக்கு முன்னால், இதே மே மாதம், ஒரு வீட்டுக்குத் தளம் போட்டார்கள். கான்கிரீட் கொட்ட ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த முடியாது, தெரியும்தானே? கால் முறிந்து இரண்டு மாதம் வீட்டில் இருந்தவர், வேலைக்குத் திரும்பி அன்று இரண்டாவது நாள். காலையிலேயே கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்றார். அப்புறம் தலைவலி, குமட்டல். அப்போதே நிழலில் உட்காரவைத்து உப்புப் போட்ட மோர் கொடுத்திருந்தால் அதோடு போயிருக்கும்.

மதியம் ஒரு மணிக்கு, "லாரி வந்தாச்சா, மூட்டையை இறக்கணும்" என்றார். அங்கே லாரியும் இல்லை, மூட்டையும் இல்லை. நாங்கள் சிரித்தோம். உடம்பெல்லாம் வியர்வை கொட்டியது. வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தோம். வெயிலில் கடுமையாக உழைப்பவர்களுக்கு வியர்வை கொட்டும்போதே வெப்பத் தாக்கு வரலாம். உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மூளை தடுமாறுகிறது. பேச்சு உளறினாலோ, நடை தள்ளாடினாலோ அது அவசரம்.

நாங்கள் என்ன செய்தோம்? ஒருவர் வாயில் சோடாவை ஊற்றப் போனார். நினைவு தடுமாறுகிறவருக்கு அது புரையேறி மூச்சை அடைக்கும். இன்னொருவர் பாராசிட்டமால் தேடினார். காய்ச்சலில் மூளையே சூட்டை ஏற்றி வைக்கிறது, மாத்திரை அதை இறக்கும். இது வெயிலும் உழைப்பும் ஏற்றிய சூடு, மாத்திரைக்கு இங்கே வேலை இல்லை.

இத்தனைக்கும் தண்ணீர் டிரம் பத்தடியில் இருந்தது! ஒரு சித்தாள் அம்மாதான் ஓடிப்போய் வாளியில் மொண்டு தலையோடு ஊற்றினார். ஜன்னி வந்துவிடும் என்று தடுத்தவர்களை அவர் கண்டுகொள்ளவில்லை. 108க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை சட்டையைக் கழற்றி, நிழலில் போட்டு, ஊற்றிக்கொண்டே விசிறினோம். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வைக்கலாம். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார்.

இப்போது அவர் வேலையை ஐந்து மணிக்கே தொடங்குகிறார். லீவு முடிந்து வருபவர்களுக்கு முதல் வாரம் பாதி வேலைதான். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஓ.ஆர்.எஸ் பாக்கெட் கைவசம் இல்லையா? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கூடக்குறைய வேண்டாம், உப்பு அதிகமானால் கெடுதல். சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், அவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது. 40 டிகிரி வெயிலில் பூட்டிய அறையில் ஃபேன் மட்டும் போட்டால் அனல்தான் வீசும். ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள்.

நாளைக் காலை சித்தப்பா இன்னொரு தளம் போடுகிறார். அங்கிருந்து எடுக்கிறேன், போன் அணைவதற்குள் முடித்துவிடலாம்.