டன்கிர்க்: 3,38,226 பேரைக் கரை சேர்த்தவர் ஓய்வுப் பட்டியலில் இருந்த அதிகாரி!

(திரையில்: ஆங்கிலக் கால்வாய் வரைபடம்)

வணக்கம் நண்பர்களே! 1940 மே மாதம். பிரான்சின் டன்கிர்க் கடற்கரையில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளை ஜெர்மானியர்கள் வளைத்துவிட்டார்கள். 45,000 பேரை மீட்டாலே பெரிய காரியம் என்று லண்டன் கணக்குப் போட்டது. ஜூன் 4-க்குள் வந்து சேர்ந்தவர்கள் 3,38,226 பேர்! மீட்பை நடத்தியவர் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பெர்ட்ரம் ராம்சே.

அவர் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பிறந்தது 1883. கடற்படையில் சேர்ந்தது 1898. முதல் உலகப் போரில், ஆங்கிலக் கால்வாய்க் கரையிலுள்ள இங்கிலாந்துத் துறைமுகமான டோவரின் கடற்பகுதியில் கப்பல் நடத்தினார். 1935-இல் மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் பொறுப்பை உதறினார். 1938-இல் ஓய்வு. போர் நெருங்கியதும் டோவருக்குத் திரும்ப அழைத்தார்கள். டோவர் கோட்டைக்கு அடியில், பாறையில் குடைந்த சுரங்க அறைகள்தான் அவருடைய அலுவலகம்.

(திரையில்: டன்கிர்க் துறைமுகம், கிழக்கு அலைதடுப்புச் சுவர்)

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. டன்கிர்க் என்றதும் எல்லோரும் மீன்பிடிப் படகுகளையும் உல்லாசப் படகுகளையும்தான் பேசுகிறார்கள். அந்தப் படகோட்டிகளின் துணிச்சலுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கப்பலேறியது துறைமுகத்தில்தான்!

துறைமுகப் படகுத்துறைகளைக் குண்டுவீச்சு நொறுக்கியிருந்தது. கரையில் பொறுப்பேற்கக் கேப்டன் வில்லியம் டென்னன்டை ராம்சே அனுப்பினார். டென்னன்டின் கண்ணில் பட்டது கிழக்கு அலைதடுப்புச் சுவர். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் கடலுக்குள் நீளும் காங்கிரீட் தூண்கள், மேலே மரப்பலகைப் பாதை. மூன்று நான்கு பேர் சேர்ந்து நடக்கிற அகலம்தான். அலையைத் தாங்கக் கட்டியதே தவிர, கப்பலை நிறுத்தி ஆளேற்றுவதற்கு அல்ல. கடல்மட்டமோ ஏறக்குறைய 15 அடி ஏறி இறங்கும். நீர் வற்றிய நேரத்தில் கப்பலின் மேல்தளம் பாதைக்கு வெகு கீழே கிடக்கும். வீரர்கள் ஏணியிலும் பலகையிலும் இறங்கினார்கள்.

மே 27 இரவு 'குயின் ஆஃப் த சேனல்' என்ற பயணிகள் கப்பலை அந்தச் சுவரோடு அணைத்து நிறுத்திப் பார்த்தார்கள். நின்றது! ஏறக்குறைய 950 பேர் ஏறினார்கள். மறுநாள் அந்தக் கப்பலைக் குண்டு மூழ்கடித்தது. ஆட்களை இன்னொரு கப்பல் காப்பாற்றியது. ஆனால் வழி கிடைத்துவிட்டது. அதன்பின் நாசகாரிகள் எனப்படும் வேகமான போர்க்கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே வந்து அணைந்தன. ஆபத்து அதிகமென்று அட்மிரல்டி, அதாவது பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகம், தன் புதிய நாசகாரிகளைத் திரும்பப் பெற்றபோது, ராம்சே வாதாடி மீட்டு வாங்கினார். என்னைக் கேட்டால், மீட்பைக் காப்பாற்றியது அந்தப் பிடிவாதம்தான்.

1943-இல் இத்தாலியின் சிசிலித் தீவில் நேச நாட்டுப் படைகளின் தரையிறக்கத்தில் பணியாற்றியபோதும் அவர் ஓய்வுப் பட்டியலில்தான் இருந்தார்! 1944 ஏப்ரலில்தான் முறைப்படி பணிக்குத் திரும்பினார். அந்த ஜூனில் பிரான்சின் நார்மண்டிக் கரையில் படைகளை இறக்கப் போன ஏறக்குறைய 7,000 கலங்களுக்கும் அவரே கடற்படைத் தளபதி. 1945 ஜனவரி 2, பாரிஸ் அருகே விமான விபத்தில் இறந்தார்.

படகுகளைத் தெரிந்த அளவுக்கு ராம்சேயை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தப் பெயரை இதற்கு முன் கேட்டிருந்தால் கருத்துப் பகுதியில் கட்டாயம் எழுதுங்கள்.