ஒரு குடம் தண்ணீரில் ஒரு மாத்திரை

என் கையில் இருக்கும் இந்த மாத்திரை அட்டையைப் பாருங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், 500 மில்லிகிராம். சிறுநீரில் தொற்று என்று போனால் எழுதித் தருவார்களே, அதுதான். இதில் ஒன்றைப் பிதுக்கி, நசுக்கி, ஒரு குடம் தண்ணீரில் கரைத்துவிடுங்கள். குடத்துக்கு 16 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரும்.

இந்தக் கணக்கை நான் சும்மா போடவில்லை. ஹைதராபாத்தை ஒட்டி படான்செரு என்று ஓர் ஊர். தெலுங்கில் செருவு என்றால் ஏரி. அங்கே சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீரை வாங்கிச் சுத்தம் செய்யும் பொது நிலையம் ஒன்று இருந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த யோக்கிம் லார்சனும் அவருடைய குழுவும் அங்கிருந்து வெளியேறிய நீரைச் சோதித்து, 2007ல் முடிவை வெளியிட்டார்கள். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இதே மருந்து. அதுவும் சுத்திகரித்த பிறகு! மாத்திரை விழுங்கிய நோயாளியின் ரத்தத்தில்கூட இவ்வளவு இருக்காது. நாளொன்றுக்கு 45 கிலோ என்று கணக்கிட்டார்கள். 90,000 மாத்திரையைத் தினமும் ஓடையில் கொட்டுவதற்குச் சமம். அந்த ஓடை மஞ்சிராவில் கலந்து, மஞ்சிரா கோதாவரிக்குப் போகிறது.

நீரில் இந்த மருந்து எவ்வளவு இருந்தால் கிருமிகளுக்கு அந்த மருந்தையே தாங்கும் எதிர்ப்புச் சக்தி வளரத் தொடங்கும் என்று 2016ல் ஒரு வரம்பு கணித்தார்கள். லிட்டருக்கு 0.064 மைக்ரோகிராம். இதே மாத்திரையை 12,000 லிட்டர் தண்ணீர் லாரி 650ல் கரைத்தால்தான் அந்த அளவுக்கு நீர்க்கும்.

சுத்திகரிப்பு நிலையம் ஏன் தோற்றது? வழக்கமான நிலையத்தில் அழுக்கைத் தின்பது பாக்டீரியாக்கள். அவற்றைக் கொல்வதற்காகவே செய்த மருந்தை அவற்றுக்கே ஊற்றுகிறோம். சமையல்காரருக்கு விஷம் வைத்துவிட்டு இலை போட்டு உட்கார்ந்த கதை.

சரி, பாக்டீரியாவை நம்ப முடியாது என்றால் வேறு யாரை நம்புவது? வெயிலை நம்பலாம். வெளிச்சுவரில் பழைய பெயின்ட் மீது கையைத் தேய்த்துப் பாருங்கள், வெள்ளைத் தூள் ஒட்டும். பெயின்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டையாக்சைடு வெயிலை வாங்கி, தன்னைப் பிடித்து வைத்திருக்கும் பசையையே அரித்திருக்கிறது. பெயின்ட்காரருக்கு அது தொல்லை, நமக்கு அது ஆயுதம். ஒளி பட்டதும் அந்தத் தூளுக்குள் ஓர் எலக்ட்ரான் துள்ளி எழும். அது விட்ட இடத்தில் ஒரு குழி விழும். குழி, தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் என்ற முரட்டு மூலக்கூறை உண்டாக்கும். அது எதைத் தொட்டாலும் கடிக்கும். இந்தப் பொருள் ஒளியில் தண்ணீரையே பிளக்கும் என்று ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972லேயே காட்டிவிட்டார்கள்.

ஒரு குறை: இதற்குப் புற ஊதாக் கதிர் வேண்டும். வெயிலில் அது 5 சதவீதம்கூடத் தேறாது. அதனால்தான் இப்போது கார்பன் நைட்ரைடு என்ற வேறொரு தூளின் பக்கம் சாய்கிறார்கள். வயலுக்குப் போடும் யூரியாவை மூடிய பீங்கான் கிண்ணத்தில் வைத்து 550 டிகிரி வரை சூடாக்கினால் மஞ்சள் தூளாக வரும். சாதாரண வெளிச்சத்தின் நீலப் பகுதியே அதற்குப் போதும்.

இங்கே கொஞ்சம் சண்டை போடவும் ஆசை. பல ஆய்வுக் கட்டுரைகள் காய்ச்சி வடித்த நீரில் மருந்தைப் போட்டு, மருந்து மறைந்ததும் வெற்றி என்று எழுதுகின்றன. ஆலைக் கழிவோ கலங்கலாக இருக்கும். ஒளி உள்ளே இறங்காது. ஹைட்ராக்சில் கண்ட அழுக்கையும் கடித்துத் தீர்ந்துபோகும். மறைந்தது என்பதும் சந்தேகம்தான். சிப்ரோஃப்ளாக்சசின் மூலக்கூறில் பெரும்பாலும் ஓரத்து வளையம்தான் முதலில் உடைகிறது. கிருமியைக் கொல்லும் நடுப்பகுதி கொஞ்ச நேரம் நிற்கிறது. அந்த நீரைக் கிருமி வளர்த்த தட்டில் விட்டு, கிருமி சாகிறதா என்று பார்க்காமல் நான் கை தட்ட மாட்டேன்.

அந்த மிச்சத் துண்டுகளுக்குத்தான் பாசி. குளோரெல்லா, செனடெஸ்மஸ் போன்ற பச்சைப் பாசிகள். இவை பாக்டீரியா இல்லை என்பதால் மருந்தை ஓரளவு தாங்கும். ஓரளவுதான்! பாசிக்குள் ஒளியை வைத்து உணவு சமைக்கும் பச்சைப் பகுதியான பசுங்கணிகம் ஆதியில் ஒரு பாக்டீரியாவாக இருந்து உள்ளே குடிவந்தது. பழைய உறவு என்று மருந்து அதையும் தொட்டுப் பார்க்கும். முழுச் செறிவில் பாசியை இறக்கினால் குளம் வெளுத்துவிடும். முதலில் ஒளி உடைக்க வேண்டும், அப்புறம் பாசி மெல்ல வேண்டும்.

இரண்டையும் ஒரே தொட்டியில் வைக்கவும் வழி உண்டு. துளைகள் நிறைந்த பஞ்சு போன்ற சிறு கட்டைகள். வெளிப்பக்கம் தூள், துளைக்குள் உயிர்கள். அமெரிக்காவில் புரூஸ் ரிட்மனின் குழு முதலில் பாக்டீரியாவை வைத்துச் செய்தது, பின்னர் மற்றவர்கள் பாசியை வைத்தார்கள். ஹைட்ராக்சிலின் ஆயுள் நொடியில் கோடியில் சில பங்குதான், துளைக்குள் போய்ச் சேருமுன் செத்துவிடும். பாசி விடும் ஆக்சிஜனோ தூளுக்கு உதவும். துள்ளிய எலக்ட்ரானை அது பிடித்துக்கொண்டால் குழி மூடாது. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆனால் மருந்து கொஞ்சம் பாசியின் உடம்பிலும் ஒட்டியிருக்கும். அந்தப் பாசியை மீனுக்கோ மாட்டுக்கோ போட்டுவிடாதீர்கள்.

இடம் எவ்வளவு வேண்டும்? படான்செருவில் நாளொன்றுக்கு 15 லட்சம் லிட்டர் வெளியேறியது. பாசிக் குளம் ஓர் அடி ஆழம்தான் இருக்கலாம், அதற்குமேல் ஒளி போகாது. ஐந்து நாள் தங்க வைத்தால் ஆறு ஏக்கர். ராத்திரி இரண்டு மணிக்கும் ஆலைக் குழாயில் தண்ணீர் வரும். அப்போது தூளும் வேலை செய்யாது, பாசியும் ஆக்சிஜனைத் திருப்பி இழுக்கும். இரவு நீரைத் தேக்க இன்னொரு தொட்டி வேண்டும்.

அதனால் நான் கேட்பது வேறு இடத்தில். ஆலைக்குள் மருந்துக் கலத்தைக் கழுவும் முதல் தண்ணீர் இருக்கிறதே, அதன் அளவு கொஞ்சம், செறிவு அதிகம். 90 ஆலைக் கழிவோடு கலக்குமுன் அதை மட்டும் தனிக் குழாயில் பிடித்தால், விளக்கு வைத்தே இரவும் பகலும் உடைக்கலாம். குளமும் சிறியதாகப் போதும்.