கப்ராவ் சட்டியில் வெல்வது தீயே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"வீட்டில் செய்யும் மாட்டிறைச்சி பாட் கப்ராவின் சுவையைத் தீர்மானிப்பது இலையா, தீயா?" என்பது இன்றைய கேள்வி. இறைச்சியைப் பூண்டு, மிளகாய், கப்ராவ் இலையோடு பிரட்டிச் சோற்றின் மேல் வைத்துத் தரும் தாய்லாந்துப் பண்டம்தான் பாட் கப்ராவ். எனக்கு முன் பேசிய இலை அணித் தோழி மூன்று வாதங்களை வைத்தார். கப்ராவ் என்பதே அந்த இலையின் பெயர், ஆகவே பெயரே தீர்ப்பு என்றார். இலையை மாற்றினால் பண்டமே மாறிவிடும் என்றார். வீட்டு அடுப்பின் தீ சிறியது, அது நம் கையில் இல்லை, இலைதான் நம் கையில் இருக்கிறது என்று முடித்தார். மூன்றில் கடைசி வாதம்தான் வலுவானது. அதற்கு நிதானமாக வருகிறேன்.

பெயரை முதலில் பார்த்துவிடுவோம். அது வெறும் "கப்ராவ்" இல்லை, "பாட் கப்ராவ்". பாட் என்றால் தாய்லாந்து மொழியில் சூடான சட்டியில் எண்ணெய் விட்டுப் பிரட்டுவது. பெயரில் முதலில் நிற்பது தீயின் வேலை, இலை அதற்குப் பின்னால் வருகிறது. பாங்காக்கில் கேட்டவுடன் செய்து தரும் சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் இந்தப் பண்டம் ஓரிரு நிமிடங்களில் சோற்றின் மேல் வந்து விழுகிறது. இலைக்கு எந்தச் சட்டியிலும் சில நொடிகள் போதும். அந்த வேகத்தைத் தருவது கடை அடுப்பின் தீ.

இப்போது இறைச்சிக்கு வருவோம். பச்சை மாட்டிறைச்சியின் எடையில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். சூடு 60 டிகிரியைத் தாண்டியதும் தசை நார்கள் சுருங்கி அந்தத் தண்ணீரை வெளியே தள்ளும். இறைச்சியின் மேல்பரப்பு நன்றாகப் பழுப்பேறி மணக்க ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். ஆனால் சட்டியில் தண்ணீர் தேங்கி நிற்கும்வரை அந்தப் பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. வீட்டில் செய்யும் கப்ராவ் சாம்பல் நிறத்தில், குழம்பில் வெந்த கறி போல வந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். சாஸ் நல்ல சாஸாக இருந்திருக்கும், இலையும் புத்தம்புது இலையாக இருந்திருக்கும். சட்டிதான் பிரட்டாமல் அவித்துவிட்டது.

கணக்காகவே சொல்கிறேன். 300 கிராம் இறைச்சியை ஒரே தடவையில் கொட்டினால், அது கால் பங்கு எடையைத் தண்ணீராக விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், 75 கிராம். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக 2.26 கிலோஜூல் வேண்டும். ஆக 170 கிலோஜூல். வீட்டு எரிவாயு அடுப்பின் பெரிய பர்னர் சுமார் 2.5 கிலோவாட் என்றால், அதில் பாதிக்கும் குறைவாகவே சட்டிக்குள் போகும், ஒரு கிலோவாட் என்று கொள்வோம். அந்தத் தண்ணீர் வற்ற மட்டும் கிட்டத்தட்ட மூன்று நிமிடம். மெல்லிய சீவலுக்கு மொத்தமே ஒரு நிமிடம் போதும் என்னும்போது, இந்த மூன்று நிமிடத்தில் அது ரப்பராகிவிடும்.

தோழி கேட்டாரே, சிறிய தீ நம் கையில் இல்லையே என்று. நடுவர் அவர்களே, தீ என்பது பர்னரில் எரிவது மட்டுமில்லை, இரும்பில் சேர்ந்து கிடக்கும் சூடும் தீதான். 2 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்புச் சட்டியை 230 டிகிரிக்கு ஏற்றி வையுங்கள். அது 100 டிகிரிக்கு இறங்குவதற்குள் சுமார் 117 கிலோஜூல் கொடுக்கும். ஐம்பது கிராம் தண்ணீரை ஆவியாக்கும் சூடு, பர்னருக்கு மேலே இனாமாக! அதனால் வெறும் சட்டியை முழுத் தீயில் நாலைந்து நிமிடம் காயவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது சுர்ரென்று வற்றாமல் முத்து மாதிரி உருண்டு ஓட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒரு மேசைக்கரண்டி சுத்திகரித்த கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ. நான்ஸ்டிக் சட்டி இந்த வேலைக்கு வேண்டாம், அதை வெறுமனே காயவைத்தால் 260 டிகிரியைத் தாண்டும்போது பூச்சு சிதையத் தொடங்கும். ஜன்னலைத் திறந்து வைப்பதும் இந்த இடத்திலேயே, மிளகாய் விழுந்த பிறகு திறந்தால் வீடே இருமும்.

இரண்டாவது, பாதி பாதியாகப் போடுவது. இருவருக்கு 300 கிராம் என்றால் 150, 150. இறைச்சியை முன்னதாக அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் கத்திக்கு அடங்கும். நாரின் ஓட்டத்தைப் பார்த்து, அதற்குக் குறுக்காக 3 மில்லிமீட்டர் கனத்தில் சீவுங்கள். நாரோடு போனால் எவ்வளவு மெல்லியதாகச் சீவினாலும் பல்லில் இழுக்கும். சீவிய பிறகு குளிர் நன்றாக விடட்டும், பிறகு சமையலறைத் தாளால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். ஒரு தேக்கரண்டி ஃபிஷ் சாஸ், ஒரு தேக்கரண்டி எண்ணெய், ஊறவைக்க அவ்வளவுதான். எல்லா சாஸையும் இங்கேயே ஊற்றி ஊறவைப்பவர்கள் சட்டிக்குள் தண்ணீரை வலிந்து அழைக்கிறார்கள், சர்க்கரை கலந்த சாஸ் இறைச்சி சிவப்பதற்கு முன்பே கருகவும் செய்யும்.

சட்டியில் பரப்பியதும் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். 45 நொடி தொடவே கூடாது. வீட்டில் பலரும் தவறுவது இங்கேதான், ஓயாமல் கிளறினால் எந்தத் துண்டும் இரும்போடு ஒட்டி நின்று சிவக்காது. பிறகு 20 நொடி பிரட்டி, உள்ளே இன்னும் இளஞ்சிவப்பு இருக்கும்போதே தட்டுக்கு எடுத்துவிடுங்கள். சட்டி மறுபடி காய ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் கொடுத்து, அடுத்த பாதி. காதும் துணைக்கு இருக்கட்டும்: சடசடவென்று பொரியும் சத்தம் கேட்டால் சரி, சளசளவென்று கேட்டால் அது கொதிப்பு. கொதித்தால் மேலும் கிளறாமல் பாதியை உடனே வெளியே எடுப்பதுதான் வழி. கொத்துக்கறியாக வாங்கியிருந்தால் ஈரம் இன்னும் அதிகமாக வரும். அதை அடை போலச் சட்டியில் தட்டி, ஒரு நிமிடம் அடிப்புறம் சிவந்த பிறகே உடைக்க வேண்டும்.

பூண்டையும் மிளகாயையும் முதலில் போடுவதுதானே தாய்லாந்து முறை என்று எதிரணியில் ஒருவர் குறுக்கிட்டார். உண்மை. கடை அடுப்பின் தீ வீட்டுத் தீயைவிடப் பல மடங்கு, அங்கே பூண்டு சிவக்கும் நேரத்தில் இறைச்சியும் முடிந்துவிடும். வீட்டில் அதே வரிசையைப் பிடித்தால், இறைச்சி சிவக்கும்வரை காத்திருந்து பூண்டு கருகிக் கசக்கும், இல்லையேல் இறைச்சி நீரில் அவிந்து பச்சை வாடை அடிக்கும். எனவே தீ சிறியதாகும்போது வரிசை மாற வேண்டும். ஆறு பல் பூண்டு, ஐந்தாறு ஊசி மிளகாய், உரலில் ஒன்றிரண்டாக நசுக்கியது. மிக்ஸியில் விழுதாக அரைத்தால் நீர் விட்டு அடிப்பிடிக்கும். இறைச்சியை எல்லாம் எடுத்த பிறகு தீயை நடுத்தரமாக்கி, கொஞ்சம் எண்ணெய் விட்டு, இந்த நசுக்கலை 15 முதல் 20 நொடி. ஓரம் பொன்னிறமானதும் இறைச்சியும், தட்டில் அது விட்ட சாறும் உள்ளே, தீ மறுபடி முழுதாக. உடனே ஒரு மேசைக்கரண்டி ஆய்ஸ்டர் சாஸ், இரண்டு தேக்கரண்டி ஃபிஷ் சாஸ், ஒரு தேக்கரண்டி டார்க் சோயா, ஒரு தேக்கரண்டி சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர், எல்லாம் முன்கூட்டியே ஒரே கிண்ணத்தில் கலந்து வைத்ததை ஊற்றுங்கள். அரை நிமிடத்தில் சாஸ் இறைச்சியின் மேல் பளபளவென்று பூசிக்கொள்ளும். அடுப்பை அணையுங்கள்.

இலை இப்போதுதான் வருகிறது. அதைச் சிறுமைப்படுத்த எனக்கு மனமில்லை. கப்ராவ் நம் துளசியின் இனமே, வகைதான் வேறு. கிராம்புக்கு மணம் தரும் யூஜெனால்தான் இதிலும் இருக்கிறது. தாய் பேசில் என்று விற்பது பெரும்பாலும் ஹோரபா என்ற வேறொரு இலை, அதில் சோம்பு வாடை. அதைப் போட்டால் கிடைப்பது வேறொரு நல்ல பிரட்டல், கப்ராவ் ஆகாது. தோழியின் இரண்டாவது வாதத்தை இந்த அளவுக்கு முழுமனதாக ஏற்கிறேன். வீட்டுத் துளசியைப் போடுபவர்கள் பாதி அளவில் தொடங்கட்டும், அதன் மருந்து வாடை பெரும்பாலும் தூக்கலாக இருக்கும்.

ஆனால் அந்த மணம் காற்றில் பறந்துவிடும் எண்ணெயில் இருக்கிறது. காம்பு நீக்கிய 25 கிராம் இலையை, ஈரமே இல்லாமல் உலர்த்தி, அணைத்த சட்டியின் மிச்சச் சூட்டில் 10 நொடி புரட்டினால் வாடி, மணம் எழும், அவ்வளவே அதற்குத் தேவை. சட்டியில் நீர் நிற்கிறதென்றால் என்ன செய்வீர்கள்? வற்றட்டும் என்று அடுப்பை எரியவிடுவீர்கள். இலை கறுத்து, மணம் ஆவியோடு போய்விடும். இலையைக் காப்பாற்றுவதும் தீயைக் கையாளும் திறமைதான் என்பதை எதிரணி கவனிக்க வேண்டும். பயறங்காய், வெங்காயம் சேர்க்கலாமா என்று தாய்லாந்திலேயே சண்டை நடக்கிறது. என் கட்சி, வீட்டு அடுப்பில் வேண்டாம். கூடாது என்ற சம்பிரதாயத்துக்காக இல்லை, அவை கொண்டு வரும் நீருக்காகவே.

இரண்டு சட்டிகளை நினைத்துப் பாருங்கள். ஒன்றில் அசல் கப்ராவ் இலை, ஆனால் 300 கிராமும் ஒரே தடவையில் விழுந்து அவிந்த இறைச்சி. இன்னொன்றில் இலை ஹோரபாதான், ஆனால் பழுப்பேறி, சாஸ் பூசி, உலர்ந்து நிற்கும் இறைச்சி. எந்தத் தட்டு முதலில் காலியாகும்?

கடைசியாகச் சோற்றின் மேல் ஏறும் முட்டை, தாய்லாந்து மொழியில் காய் தாவ். அதை இறைச்சிக்கு முன்பே பொரித்து வைத்துவிடுங்கள். கால் அங்குல உயரத்துக்கு நன்றாகக் காய்ந்த எண்ணெய், உடைத்து விட்டதும் வெள்ளை பொங்கி விரிய வேண்டும், கரண்டியால் எண்ணெயை அள்ளி வெள்ளையின் மேல் மட்டும் ஊற்றினால் ஒரு நிமிடத்தில் ஓரம் பின்னல் போலச் சிவந்து மொறுமொறுக்கும், மஞ்சள் கரு நடுவில் குழைந்தே நிற்கும். எண்ணெய் போதிய அளவு காயாவிட்டால் அதே முட்டை வெளுத்துத் தட்டையாகக் கிடக்கும். அந்த முட்டையில் இலையும் இல்லை, சாஸும் இல்லை, நடுவர் அவர்களே. இரண்டு முட்டைகளுக்கும் இடையில் மாறியது சூடு ஒன்றுதான். தீர்ப்பைத் தீயின் பக்கம் கேட்டு அமர்கிறேன். வணக்கம்.