சொந்தம் என்றால்

நேயர்களுக்கு வணக்கம்.

மூணாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். தொழிலாளர்களுக்கு நிர்வாகம் வீடு தர வேண்டும் என்று 1951ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. தந்தார்கள், வேலையில் இருக்கிறவரை. ஓய்வு பெற்றால் காலி செய்துவிட வேண்டும்.

அதனால் அப்பா சுவரில் ஒரு ஆணி அடிக்க விடமாட்டார். "நம்ம சுவராடா இது? போறப்ப பதில் சொல்லணும்" என்பார். காலண்டர்கூட ஜன்னல் கம்பியில்தான் தொங்கியது. பக்கத்து வீட்டு மாமா ஓய்வு பெற்றபோது எனக்கு ஆறு வயது. சாமான் எல்லாம் ஜீப்பில் ஏறிவிட்டது. அத்தை மட்டும் உள்ளே போய் அடுப்பை மெழுகிவிட்டு வந்தார். இத்தனைக்கும் அவர்கள் எங்களுக்கு ரத்த உறவில்லை. அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

நாற்காலி, தம்ளர் என்றால் குழந்தைக்குத் தொட்டுக் காட்டலாம். 'சொந்தம்' என்பதை எதைத் தொட்டுக் காட்டுவது? மார்த்தா பொனாரி, காப்ரியெல்லா விலியோக்கோ முதலிய உளவியல் ஆய்வாளர்கள் 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத கருத்துகளைக் குறிக்கும் சொற்களில், உணர்ச்சி ஒட்டியிருப்பவை எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு மற்றவற்றைவிட நன்றாகத் தெரிந்திருந்தன. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. 'சொந்தம்' எனக்குப் புரிந்தது அந்த ஜீப் கிளம்பியபோதுதான்.

என் மனைவி போடிக்காரி. அப்பாவும் சித்தப்பாவும் வரப்பில் நின்று மண்வெட்டியை ஓங்கியதைப் பார்த்து வளர்ந்தவள். சொந்தம் என்றால் அவளுக்குப் பட்டா. பத்திரத்தைப் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்திருக்கிறாள். நகைகூட அவ்வளவு பத்திரமாக இல்லை.

மறையூரில் வீடு கட்டிக் குடிபோன புதிதில் காலண்டர் மாட்ட ஆணி கேட்டாள். நான் ஜன்னலைக் காட்டினேன். "உங்க சுவர்தானே, யார் கேக்கப் போறா?" என்றாள். கஞ்சத்தனம் என்றே நினைத்தாள் போல. எனக்கும் அன்று விளக்கத் தெரியவில்லை, கோபம்தான் வந்தது.

நான் கடைக்குப் போயிருந்த நேரம் அவளே அடித்துவிட்டாள். பன்னிரண்டு வருடமாகிறது. தினம் காலையில் தேதி கிழிக்கிறேன். தாள் கிழியும்போது ஆணி ஆடிவிடக் கூடாதென்று இன்னொரு கையால் காலண்டரைப் பிடித்துக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.