மாறாமல் இருப்பது சோற்றின் அளவு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, குடும்பத்தோடு சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

"நம் உடல்நலத்தைக் கெடுப்பது புதிய உணவா, பழைய அளவா?" இதுதான் இன்றைய தலைப்பு. புதிய உணவுதான் என்று எதிரணித் தலைவர் அடித்துப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிறார். பப்பிள் டீ, பர்கர், கைப்பேசியைத் தட்டினால் வாசலுக்கு வந்துவிடும் பொரித்த கோழி என்று பட்டியல் போட்டார். அதெல்லாம் நல்ல உணவு என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் வாரத்தில் மதியமும் இரவுமாக 14 வேளை சாப்பிடுகிறோமே, அதில் பர்கர் எத்தனை வேளை, சோறு எத்தனை வேளை? எதை அதிகம் சாப்பிடுகிறோமோ அதைத்தானே முதலில் அளந்து பார்க்க வேண்டும்?

2017 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் நீரிழிவைப் பற்றி விரிவாகவே பேசினார். சிங்கப்பூரர்களில் ஒன்பது பேரில் ஒருவருக்கு நீரிழிவு. 60 வயதைத் தாண்டியவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு. அந்த வயது இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் பத்துக்கு ஆறு பேருக்கு என்றார். நடுவர் அவர்களே, அந்த ஆறு பேரும் பப்பிள் டீ குடித்தா வளர்ந்தார்கள்? இட்லியும் தோசையும் சோறும் குழம்பும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். மரபணுவுக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மரபணு நம் கையில் இல்லை, சோற்றுக்கரண்டி நம் கையில்தான் இருக்கிறது.

அதற்கு முந்தைய ஆண்டே சுகாதார மேம்பாட்டு வாரியம் வெள்ளைச் சோற்றைப் பற்றி எச்சரித்தது. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அன்றாடம் சாப்பிடும் ஒவ்வொரு தட்டு வெள்ளைச் சோற்றுக்கும் நீரிழிவு வரும் ஆபத்து சுமார் 11 விழுக்காடு கூடுவதாகத் தெரிந்தது. சோற்றை விட்டுவிடுங்கள் என்று வாரியம் சொல்லவில்லை. எங்கள் அணியும் சொல்லவில்லை. அளவைப் பாருங்கள் என்கிறோம்.

அந்த அளவு எங்கிருந்து வந்தது? துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், செம்பவாங் கடற்படைத் தளத்தில் வெயிலில் நின்று உழைத்தவர்களும், சாலை போட்டவர்களும் சாப்பிட்ட அளவு அது. அவர்கள் உடம்பு அதைச் செரித்து வேலையாக மாற்றியது. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மின்தூக்கியில் இறங்கி, எம்ஆர்டி ரயிலில் ஏறி, கணினி முன்னால் எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். வேலை மாறிவிட்டது, வீடு மாறிவிட்டது, தட்டில் போடும் சோறு மட்டும் அப்படியே இருக்கிறது.

கணக்காகவே சொல்கிறேன். ரைஸ் குக்கரோடு ஒரு சின்ன கப் வருமே, அது 180 மில்லி பிடிக்கும். அதில் ஒரு கப் அரிசி எடுத்தால் சுமார் 150 கிராம். வெந்ததும் 350 கிராம் சோறு. ஆளுக்கு ஒரு கப் என்று போடும் வீடுகள் நம்மிடம் நிறைய. வாரியத்தின் கணக்கில் அரைக் கிண்ணம் சோறு, அதாவது 100 கிராம், ஒரு பங்கு. பெரியவர்களுக்கு நாள் முழுக்க ஐந்திலிருந்து ஏழு பங்கு போதும். அப்படியென்றால் மதியம் ஒரே வேளையில் மூன்றரைப் பங்கு முடிந்துவிட்டது. காலையில் சாப்பிட்ட நாலு இட்லியும் இரவுக்குத் தோசையும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

நால்வர் இருக்கும் வீட்டில் நாலு கப்புக்குப் பதில் இரண்டரை கப் போடுங்கள். ஆளுக்கு ஒரு கிண்ணம், 200 கிராமுக்குச் சற்று மேலே வரும். இதைச் செய்து பார்த்த பலர் ஒரே வாரத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். ஏன்? சோற்றைக் குறைத்தவர்கள் மற்றதைக் கூட்டவில்லை. மாலை நாலு மணிக்குப் பசி வருகிறது, கை முறுக்கு டப்பாவுக்குப் போகிறது. குறைத்த சோற்றைவிட அதிகமாக மாவும் எண்ணெயும் உள்ளே போய்விடுகிறது.

ஆகவே சாம்பாரை முதலில் கெட்டியாக்க வேண்டும். நால்வருக்கு நூறு கிராம் துவரம்பருப்பு போட்டு நீட்டி வைக்காமல் இருநூறு கிராம் போடுங்கள். ஆளுக்குப் பதினோரு கிராம் அளவுக்குப் புரதம் கிடைக்கும். அடுத்தது காய். தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு பருப்போ மீனோ கோழியோ இருக்க வேண்டும் என்பது வாரியத்தின் பரிந்துரை. நம் வீட்டில் பொரியல் என்றால் ஓரமாக ஒரு கரண்டி. பேரங்காடியில் விற்கும் கீரைப் பாக்கெட் பெரும்பாலும் 200, 250 கிராம்தான். வதக்கினால் வாணலியின் அடியில் சுருண்டுகொள்ளும். நால்வருக்கு ஆளுக்கு நூறு கிராம் வெந்த கீரை வேண்டுமானால் பச்சையாக 600 கிராமாவது வாங்க வேண்டும். பீன்ஸ், கோஸ், புடலை போன்றவை அவ்வளவு சுருங்காது, அரைக் கிலோ போதும். தேக்கா சந்தைக்குப் போகிறவர்கள் கீரையைக் கட்டுக் கணக்கில் வாங்காமல் எடைக் கணக்கில் வாங்கினால் இது புரிந்துவிடும்.

பழுப்பரிசி வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை என்று சொல்வார்கள். அது அரிசியின் குற்றமில்லை, சமைத்த முறையின் குற்றம். வெள்ளையரிசியோடு கலந்து ஒன்றாகப் போட்டால் வெள்ளை குழைந்துவிடும், பழுப்பு பல்லில் கடிபடும். நாலு பங்கு வெள்ளைக்கு ஒரு பங்கு பழுப்பு எடுத்துக்கொண்டு, பழுப்பை மட்டும் ஒரு மணி நேரம் தனியாக ஊற வையுங்கள். பிறகு களைந்த வெள்ளையரிசியைச் சேருங்கள். அரை கப் பழுப்பரிசிக்கு வழக்கத்தைவிடக் கால் கப் தண்ணீர் கூடுதலாக ஊற்றுங்கள். குக்கர் அணைந்ததும் பத்து நிமிடம் மூடியைத் திறக்காதீர்கள். பழுப்பரிசியை ஒரு கிலோ பாக்கெட்டாக வாங்கிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நம் ஊர் வெப்பத்தில் அது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும்.

எதிரணியினர் பானங்களைப் பற்றிப் பேசினார்கள். புதிய பானங்களுக்குக் கடிவாளம் போட்டாகிவிட்டது, நடுவர் அவர்களே. 2022 டிசம்பர் 30 முதல் பொட்டலப் பானங்களுக்கும், சரியாக ஓராண்டு கழித்துக் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும், 'ஏ' முதல் 'டி' வரை தரம் பிரித்துக் காட்டும் நியூட்ரி-கிரேட் குறியீடு வந்துவிட்டது. நூறு மில்லியில் ஐந்து கிராமுக்கு மேல் சீனி இருந்தால் 'சி', பத்துக்கு மேல் போனால் 'டி'. இதே அளவுகோலை வீட்டுத் தேநீருக்கு வைத்துப் பாருங்கள். 150 மில்லித் தேநீரில் இரண்டு தேக்கரண்டி, அதாவது எட்டு கிராம் சீனி. நூறு மில்லிக்கு ஐந்து கிராமைத் தாண்டிவிட்டது! அம்மா போட்ட தேநீரும் 'சி' தான். அதை நாளுக்கு மூன்று முறை குடிக்கிறோம், அதில் எந்த எழுத்தும் ஒட்டியிருக்காது.

காப்பிக்கடையில் 'தே', அதாவது பால் தேநீர், கேட்டுவிட்டுச் சீனி வேண்டாம் என்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதன் இனிப்பு கெட்டிப்பாலிலேயே இருக்கிறது. 'தே சி கோசோங்' என்று கேட்டால்தான் இனிப்பில்லாத பாலோடு, சீனி இல்லாமல் வரும். இந்த 'சி' நியூட்ரி-கிரேட் எழுத்து அல்ல.

உப்புக்கும் ஒரு சோதனை உண்டு. ஒருவருக்கு நாளுக்கு 5 கிராம்தான் வரம்பு. வீட்டில் நாலு பேர் என்றால், வெளியே ஒரு வாய்கூடச் சாப்பிடாவிட்டாலும், ஒரு கிலோ உப்பு 50 நாள் வர வேண்டும். உங்கள் வீட்டுப் பாக்கெட்டைப் பிரித்த நாளில் அதன் மேலேயே தேதி எழுதிப் பாருங்கள்.

"வேலைக்குப் போய்வரும் பெண்களுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று எதிரணிச் சகோதரி கேட்டார். நியாயமான கவலை. ஆனால் அரிசியை ஒன்றரை கப் குறைத்துப் போட எவ்வளவு நேரம் வேண்டும்? காய் நறுக்க நேரம் பிடிக்கும், உண்மைதான். அதை ஏன் பெண்களிடம் மட்டும் கேட்கிறோம்? இந்த அரங்கில் கத்தி பிடிக்கத் தெரிந்த ஆண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. இது வாதத்துக்காக அல்ல, அக்கறையால் சொல்வது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், கிளிபிசைடு போன்ற நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவர்களும் என் பேச்சைக் கேட்டு நாளைக்கே சோற்றைப் பாதியாக்கிவிட வேண்டாம். மருந்தின் அளவு அப்படியே இருக்க, சோறு மட்டும் குறைந்தால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், மயக்கம்கூட வரலாம். பலதுறை மருந்தகத்துக்கு அடுத்த முறை போகும்போது, இப்போது எத்தனை கிண்ணம் சாப்பிடுகிறீர்கள், எத்தனையாகக் குறைக்கப்போகிறீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அவர் மருந்தைச் சரிசெய்த பிறகு தொடங்குங்கள்.

நன்றி, வணக்கம்.