தட்டில் இருப்பதே தடம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். உணவால் நாம் விடும் கரித்தடம், அதாவது பூமியைச் சூடேற்றும் வாயுக்களின் அளவு குறைய, அந்த உணவு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதா, எது என்று பார்ப்பதா? இதுதான் தலைப்பு. ‘எது’ என்ற அணிக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அம்மா அருமையாகப் பேசினார். “நம் நாகர்கோவில் வடசேரி சந்தையில் வாங்குங்கள், வெளியூர் லாரியில் வருவதைத் தொடாதீர்கள், அது போதும்” என்றார். அம்மா, குளச்சல் துறைமுகத்துக்கு வாருங்கள். ஒரு பக்கம் சாளை என்னும் மத்தி மீன், இன்னொரு பக்கம் இறால். இறங்கியது ஒரே கரை, நம் வீட்டுக்கு ஒரே தூரம். ஆனால் சாளை கூட்டமாக ஓடும் மீன். வலை விட்டால் கொஞ்ச எரிபொருளில் வள்ளம் நிறையும். இறாலுக்கோ விசைப்படகு கடலடியில் மணிக்கணக்காக மடிவலை இழுக்க வேண்டும். கிலோவுக்குக் கிலோ பாருங்கள், டீசல் பல மடங்கு! உங்கள் அளவுகோல் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போடுகிறதே!

2018-ல் ‘சயன்ஸ்’ இதழில் 119 நாடுகளின் சுமார் 38,000 பண்ணைகளை ஆராய்ந்த கட்டுரை வந்தது. அந்தத் தரவின்படி, உணவால் வரும் உமிழ்வில் போக்குவரத்தின் பங்கு ஏறத்தாழ 6 சதவீதம்தான். விமானத்தில் பறந்து வரும் பழம் வேறு கதை. அங்கே தூரம் முக்கியம் என்று எதிரணி சொன்னால் சரி. மிச்சத்தில் பெரும்பங்கு நிலத்திலும் தொழுவத்திலும் பிறக்கிறது. மாடும் ஆடும் ஏப்பமாக விடும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு சூடேற்றும். பக்கத்து வீட்டுத் தொழுவம் என்பதால் அது குறைந்துவிடுமா? மாட்டிறைச்சி நம் குமரி மாவட்டத்தில் பலர் வீட்டுச் சாப்பாடு. அதை இழிவாகப் பேச எவருக்கும் உரிமையில்லை. வாரம் மூன்று நாள் வைப்பவர்கள் ஒரு நாளாக்கி, மற்ற நாளில் மரச்சீனிக்கு, அதாவது மரவள்ளிக் கிழங்குக்கு, சாளைக்கறி வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சோறும் கணக்கில் வரும். நாஞ்சில் நாட்டு வயல் கண்ணெதிரே கிடந்தாலும், எந்நேரமும் தண்ணீர் நிற்கும் சேற்றில் மீத்தேன் உண்டாகும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் குறையும். அது விவசாயி கையில். நம் கையில் இருப்பது சக்கை, அதாவது பலா! உழவு வேண்டாம், தேங்கிய தண்ணீர் வேண்டாம், மரம் தானாகக் காய்க்கிறது. அதை அவித்து ஒருநேரச் சோற்றுக்குப் பதிலாக வைக்கலாம். ஆனால் வைகாசி, ஆனியில் வீட்டைச் சுற்றிய புரயிடமெங்கும் விழுந்து அழுகுகிறது. பார்க்க வயிறு எரிகிறது. வாசலிலிருந்து பத்தடி தூரம்! தூரம்தான் எல்லாம் என்றால், அந்தச் சக்கை ஏன் இன்னும் தட்டுக்கு வரவில்லை? நடுவர் அவர்களே, எதிரணி இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.